பதினொன்றே கால் மணி இளைப்பு

அந்தப் பள்ளியில் மருந்தால் ஒரு குழந்தைக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. வாசலில் ஆளுயரப் பலகை வைத்து அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். 'மருந்துப் பிழை நேராத நாட்கள்' என்று மேலே பச்சை எழுத்து. கீழே எண் மாட்டுவதற்குக் கொக்கிகள். தினமும் காலைக் கூட்டம் முடிந்ததும் சமர்த்துப் பிள்ளை ஒன்று ஸ்டூல்மேல் ஏறி எண்ணை மாற்றும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். புதிதாகச் சேர்ந்த குழந்தைகள் எதற்கென்று தெரியாமலே எல்லாரையும்விட உரக்கத் தட்டுவார்கள்.

கூரியர்காரர் தன் மகளை அங்கே சேர்த்ததே அந்தப் பலகையைப் பார்த்துத்தான். ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். கண்ணாடிச் சாமானோ, யாரோ யாருக்கோ அனுப்பிய செருப்போ, எதுவானாலும் வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வேனைத் திருப்புவார். மகளுக்கு இளைப்பு உண்டு. தூசி பட்டால், கொஞ்சம் கூடுதலாக ஓடினால், நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். நீல இன்ஹேலரை வாயில் வைத்து இரண்டு அமுக்கு அமுக்கினால் சற்று நேரத்தில் அடங்கி, குறும்பை விட்ட இடத்திலிருந்து தொடருவாள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவரை பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாவம், கைக்கெட்டும் தூரம் என்றால் எல்லாருக்கும் ஒரே தூரம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சேர்ந்த சில நாட்களிலேயே வாட்ச்மேன் வாண்டுவின் பையில் இன்ஹேலரைக் கண்டுபிடித்துவிட்டார். கூரியர்காரருக்குப் போன் போயிற்று. அவர் பார்சல்களை வேனில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"உங்க பாப்பா பைல இது இருந்துச்சு சார்." வாட்ச்மேன் அதைக் கைக்குட்டையால் பிடித்திருந்தார். "இது என்னன்னு எனக்குத் தெரியாது. தப்புன்னு மட்டும் தெரியும்."

"மருந்துங்க. மூச்சு இளைச்சா அடிச்சுக்கறது."

"அதான் நானும் சொல்றேன். மேல போய் மருந்து ஆபீசரப் பாருங்க. மூணாவது மாடி."

"மூணாவது மாடியா? இதோ கீழயே நர்ஸ் ரூம்னு போர்டு இருக்கே?"

"அது பூட்டியாச்சு. கீழ இருந்தா பசங்க வந்துடறாங்க சார்," என்றார் வாட்ச்மேன்.

மூன்றாவது மாடியில் மருந்து அறை. உள்ளே ஒரு இரும்பு அலமாரி, அதில் இரண்டு பூட்டு. ஒரு சாவி முதல்வரிடம், இன்னொன்று மருந்துப் பாதுகாப்பு அலுவலரிடம். அலுவலர் அடிப்படையில் ஓவிய ஆசிரியர். பள்ளியிலேயே குறைவான பாடவேளை அவருக்குத்தான் என்பதால் குழந்தைகளின் உயிர் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

"நர்ஸ் யாரும் இல்லீங்களா சார்?" என்று கூரியர்காரர் மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"இருக்காங்க. லைப்ரரில."

"லைப்ரரிலயா?"

"மருந்து தெரிஞ்சவங்க மருந்து பக்கத்துல இருக்கறது ரொம்ப ரிஸ்க் சார். குழந்தை லேசா முகம் சுளிச்சா போதும், எடுத்துக் கொடுத்துடுவாங்க. போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் தினமும் கொடுத்துட்டிருந்தாங்க. இப்ப நெனச்சாலும் எனக்குக் கை நடுங்குது."

அவருக்குப் பின்னால் சுவரில் ஐந்து பெரிய வட்டங்கள் இருந்தன. அவரே வரைந்தவை, நல்ல வேலைப்பாடு. சரியான குழந்தை, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். மருந்து கொடுக்கிறவர்கள் எல்லாரும் மனதில் வைத்திருக்கிற சங்கதிதான் இது. ஒரு குழந்தையின் மாத்திரை இன்னொரு குழந்தையின் வாய்க்குப் போய்விடக் கூடாதே என்று யாரோ நல்ல எண்ணத்தில் சொல்லிவைத்தது. மூன்று மாடி ஏறி வந்ததில் அந்த நல்ல எண்ணம் களைத்துப்போய்ச் சுவரோடு சாய்ந்துவிட்டது.

"அளவு?" என்றார் அலுவலர்.

"ரெண்டு அமுக்கு."

"வழி?"

"வாய்."

"நேரம்?"

"இளைக்கும்போது."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "அது நேரம் இல்ல சார்."

"அப்பதான சார் கொடுக்கணும்?"

"மூணு மணி, நாலு மணின்னு சொல்றோம் பாருங்க, அதுக்குப் பேரு நேரம். இளைக்கும்போதுங்கறது நெலம. நெலமைக்கெல்லாம் மருந்து கொடுக்கறதுன்னா யாரும் எப்ப வேணும்னாலும் வந்து நிப்பாங்களே?"

"எப்ப இளைக்கும்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"பெத்தவருக்கே தெரியலன்னா நாங்க எப்படி சார் தெரிஞ்சுக்கறது?"

கீழே வேன் நின்றது. முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கூரியர்காரர் தலையைச் சொறிந்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி என்னவோ அதையே போட்டுக்குங்க சார்," என்று சொல்லிவிட்டார். அலுவலருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாண்டுவுக்குத் தினமும் காலை பதினொன்றே கால் மணிக்கு இளைக்கும் என்று அன்றோடு முடிவாயிற்று.

மறுநாளிலிருந்து சடங்கு ஆரம்பமானது. பதினொன்றே காலுக்கு வாண்டு மூன்று மாடி ஏறி மருந்து அறைக்கு வருவாள். முதல்வர் தன் சாவியுடன் வருவார். அலுவலர் தன் சாவியை எடுப்பார். அலமாரி திறக்கும். பிறகு சரியான குழந்தைதானா என்று பார்க்க வேண்டுமே! உன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், வகுப்பு, பிரிவு, எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தாமல் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாண்டு கடகடவென்று ஒப்பிப்பாள்.

"சபாஷ். இப்ப இளைக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப மருந்து வேண்டாம். போ."

அலமாரி மூடும். 'பாதுகாப்பாக நிறைவேறியது' என்று அலுவலர் எழுதிக்கொள்வார். பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒரு நிம்மதி வரும்; அவ்வளவு ஒழுங்கு.

ஒருநாள் மதியம் விளையாட்டு வகுப்பில் வாண்டுவுக்கு இளைத்துவிட்டது. பதினொன்றே கால் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பக்கத்து பெஞ்சுத் தோழி கையைப் பிடித்து மூன்று மாடி ஏற்றிக் கூட்டிவந்தாள். இளைப்புக்காரரைப் படி ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அலுவலர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, மனசாட்சி உள்ளவர் அல்லவா, நேரத்தை விட்டுக்கொடுத்தாலும் மற்ற நான்கையாவது பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்.

"உன் பேரு என்னம்மா?"

வாண்டு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"அப்பா பேரு?"

அவள் கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

"சார், இவ எங்க கிளாஸ் சார். நீங்கதான் இவளுக்கு டிராயிங் எடுக்கறீங்க," என்றாள் தோழி.

"எனக்குத் தெரியும்மா. அங்க மாட்டியிருக்கற மீன் படம் இவ வரைஞ்சதுதான். தெரிஞ்ச குழந்தைன்னு கொடுக்க ஆரம்பிச்சா அப்புறம் சிஸ்டம் எதுக்கு?" என்றார் அலுவலர். 'குழந்தை தன்னை அடையாளம் சொல்ல முன்வரவில்லை' என்று எழுதிவைத்தார். கிட்டத்தட்ட அழுகிற குரலில் அவளை உட்கார்ந்து ஓய்வெடுக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதாவது விதியை மீறியிருப்பார்.

அன்று மாலை வீட்டு வாசலில் வாண்டுவைப் பார்த்த அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அலமாரியில் வைத்திருந்த இன்னொரு இன்ஹேலரை எடுத்து அடித்து, மடியில் சாய்த்து, இளைப்பு அடங்குகிறவரை அவள் கண்ணில் நீர் நிற்கவில்லை. அடங்கியதும் அந்த நீர் கோபமாக மாறியது. அவள் பல்பொருள் அங்காடியில் பில் போடுகிறவள். வாடிக்கையாளரிடம் நாள் முழுவதும் அடக்கி வைக்கிற கோபம் ஏற்கெனவே கையிருப்பில் இருந்தது.

மறுநாள் இருவரும் முதல்வர் எதிரில் உட்கார்ந்தார்கள். முதல்வர் அம்மையார் நிதானமானவர். எதிரில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் தன் மேஜையில் இருக்கும் பூச்சாடியைச் சற்றே நேராக்கிவிட்டுத்தான் பேசுவார்.

"ரெண்டு அமுக்கு மேடம். கதவத் தெறந்து கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள் அம்மா.

"கொடுத்ததா ஆகியிருக்கும். அதான பிரச்சினையே," என்றார் முதல்வர். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கம்மா. மருந்துல தப்பு எப்ப நடக்குது? கொடுக்கும்போது. கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த உலகத்துல யாரும் ஒரு தப்பும் பண்ணினதில்ல. மத்த ஸ்கூலெல்லாம் இது தெரியாம கொடுத்துக் கொடுத்து மாட்டிக்கறாங்க. நாங்க அதுக்கு முந்தின கட்டத்துலயே நின்னுட்டோம்."

"குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"எதால?"

"எதாலன்னா? நோயாலதான்!"

"நோயால ஆனா எங்க பொறுப்பு இல்லம்மா. மருந்தால ஆனாதான் எங்க பொறுப்பு. நோய் நீங்க வீட்டுலேருந்து அனுப்பறது. மருந்த மட்டும்தான் நாங்க வாங்கி வச்சுக்கறோம்." பூச்சாடி மறுபடி நேரானது. "வாசல்ல பலகை பாத்தீங்க இல்ல? அதுல இருக்கற ஒவ்வொரு நாளும் சும்மா வரல. எத்தனை குழந்தைங்க கேட்டு, எத்தனை தடவ நாங்க மனச கல்லாக்கிக்கிட்டு இருந்திருக்கோம் தெரியுமா?"

கூரியர்காரர் குறுக்கே விழுந்து, அப்படியானால் இன்ஹேலர் அவள் பாக்கெட்டிலேயே இருக்கட்டும், மருத்துவரிடம் கடிதம் வாங்கி வருகிறேன் என்றார். வாங்கியும் வந்தார். மருத்துவர் கோபத்தில் பேனா அழுந்த எழுதியிருந்தார். முதல்வர் அதை இரண்டு முறை படித்தார்.

"ஆனா இவரு நம்ம பாதுகாப்புப் பயிற்சிக்கு வரலையே?"

"அவரு டாக்டர் மேடம்."

"இருக்கட்டும். நம்ம பயிற்சி அரை நாள்தான். வந்து முடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

மருத்துவர் வரவில்லை. பெற்றோருக்கான பயிற்சிக்குக் கூரியர்காரர் மட்டும் போனார். மேடையில் ஒரு ரப்பர் பொம்மைக்கு அலுவலர் மருந்து கொடுத்துக் காட்டினார். பொம்மையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாவற்றையும் அவரே கேட்டு அவரே பதில் சொன்னார். பொம்மைக்கு அந்த வினாடியில் மிகச் சரியாக இளைத்தது. இரண்டு அமுக்கு கொடுத்ததும் குணமாகிவிட்டது.

முன்வரிசையில் ஒரு தாய் எழுந்தார். "சார், என் பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. தெரியாம சாப்பிட்டுட்டா உடனே ஊசி போடணும். இல்லன்னா தொண்டை அடைச்சுக்கும்."

"கண்டிப்பாங்க," என்றார் அலுவலர் அக்கறையோடு. "எத்தன மணிக்கு ஒத்துக்காது?"

அந்தத் தாய் சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிலர் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது நூலக வாசலில் கூரியர்காரர் நர்சம்மாவைப் பார்த்தார். புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணா அது?" என்றார் நிமிராமல். "ஸ்கூலுக்கு வரும்போதெல்லாம் உங்க சட்டைப் பாக்கெட்ல ஒன்னு வச்சுக்கிட்டே வாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எனக்கு இப்ப புத்தகம் கொடுக்கத்தான் அனுமதி."

கூரியர்காரர் அப்படியே செய்தார். புதிதாக ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் பேனாவோடு செருகிக்கொண்டார். பார்சல் கொடுக்கிற சாக்கில் பள்ளித் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தார். வேறு தெருக்காரர்கள் திட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் முதல்வருக்கு 'நலக்கொடி' யோசனை வந்தது. எந்த வகுப்பில் நேரந்தவறி யாருக்கும் உடம்புக்கு வரவில்லையோ, அந்த வகுப்பு வாசலில் மஞ்சள் கொடி பறக்கும். யாராவது ஒருத்தர் தலை வலிக்கிறது என்று கையைத் தூக்கினாலும் கொடி இறங்கிவிடும். பள்ளி வேனில்கூட மூத்த மாணவி ஒருத்தி இருமுகிறவர்களைக் குறித்துக்கொள்வாள். பலன் கண்கூடாகத் தெரிந்தது. தலைவலி போயிற்று, வயிற்றுவலி போயிற்று, காய்ச்சல் வாசலோடு நின்றுவிட்டது. எந்த மருத்துவமனையும் சாதிக்காததை ஒரு மீட்டர் மஞ்சள் துணி சாதித்தது.

வாண்டுவுக்கும் குணமாகிவிட்டது. "ஸ்கூல்ல இப்பல்லாம் இளைக்கறதே இல்லப்பா," என்றாள். கூரியர்காரருக்குத் தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. முதல்வரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட வருத்தப்பட்டார்.

ஆனால் ஒரு விசித்திரம். மாலையில் பள்ளி வேனிலிருந்து இறங்கி, வீட்டு வாசலில் கால் வைத்த கணமே அவளுக்கு இளைக்கத் தொடங்கியது. தினமும். இளைப்பென்றால் முன்பு எப்போதும் வராத இளைப்பு. முதல்வரிடம் சொன்னார்கள்.

"ஸ்கூல்ல இல்ல, வீட்டுலதான் வருதுன்னா யார் மேல தப்பு?" என்றார் அவர் பரிவோடு. "வீட்ட சுத்தமா வச்சுக்குங்க."

வீட்டைத் தலைகீழாக்கினார்கள். திரைச்சீலைகளைக் கழற்றினார்கள். தலையணைகளைத் தூக்கிப் போட்டார்கள். அம்மா லீவு போட்டு சுவரையே கழுவினாள். இளைப்பு அடங்கவில்லை. கடைசியில் பழி பூனைமேல் விழுந்தது. ஒரு வேலையும் செய்யாமல் வீடு முழுக்கச் சுற்றி எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். வாண்டுவின் போர்வைக்குள்தான் தூங்கும். மேனேஜரை அட்டைப்பெட்டியில் வைத்து, காற்றுக்குத் துளை போட்டு, கூரியர்காரர் தன் கூட வேலை செய்கிறவர் வீட்டுக்கு எடுத்துப்போனார். வாண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா என்னவென்று கேட்டதும் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாளும் வாசலில் அவளுக்கு இளைத்தது.

இதற்கிடையே பள்ளிக்கு விருது அறிவித்துவிட்டார்கள். மருந்துப் பாதுகாப்பில் மிகச் சிறந்த பள்ளி. விளையாட்டு மைதானத்தில் பெரிய பந்தல், நாற்காலிகள், மேடையில் வண்ணப்புகை விடுகிற இயந்திரம். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஐவர் ஐந்து 'சரி'யாக வேஷம் போட்டு ஒரு நாடகம் நடிப்பதாக ஏற்பாடு. வாண்டுதான் சரியான நேரம். மார்பில் அட்டைக் கடிகாரம் கட்டியிருந்தார்கள். அம்மாவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. கூரியர்காரர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

விருதுக் குழுத் தலைவர் பேசினார்.

"எத்தனையோ பள்ளிக்கூடத்துக்குப் போனோம். எல்லா எடத்துலயும் ஏதோ ஒரு குறை. ஒரு எடத்துல மாத்திரைய லேட்டா கொடுத்துட்டு அவங்களே ஒத்துக்கறாங்க. இன்னொரு எடத்துல ஒரு டீச்சர் அவசரத்துல கை நடுங்கி மருந்தக் கீழ சிந்தியிருக்காங்க. இங்கதான் ஒரு சொட்டு சிந்தல. அலமாரியத் தெறந்து பாத்தேன். மெய்சிலிர்த்துப் போச்சு. வாங்கி வச்ச மருந்து வச்சபடியே இருக்கு. சிலது தேதி முடிஞ்சும் அப்படியே முழுசா இருக்கு. இந்தக் கட்டுப்பாட்ட நான் வேற எங்கயும் பாக்கல!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. முதல்வர் மாலையும் கேடயமும் வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாடகம் தொடங்கியது. புகை வந்தது. முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள். சரியான குழந்தை தன் வசனத்தைச் சொன்னது. சரியான மருந்து சொன்னது. கூரியர்காரர் ஐந்தாவதாக நின்ற தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைக் கடிகாரம் மேலும் கீழும் ஏறி இறங்கியது. தோள்கள் காது வரை உயர்ந்தன. ஆனால் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. எங்கேயோ பழகிய சிரிப்பு. சரியான வழி தன் வசனத்தை முடித்து நகர்ந்தது. வாண்டுவின் முறை வந்தது. அவள் சிரித்தபடியே வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

நாற்காலிகள் உருள கூரியர்காரர் மேடைக்கு ஓடினார். படிக்கட்டில் அலுவலர் மறித்தார்.

"சார், சார், நடுவுல வராதீங்க!"

"இளைக்குது சார் அவளுக்கு! அலமாரியத் தெறங்க!"

"சாவி ரெண்டும் மேடைலதான் சார் இருக்கு. ஆனா மேடம் மாலை போட்டுக்கிட்டிருக்காங்க. மணி வேற..."

கூரியர்காரர் அவரைத் தள்ளிவிட்டு ஏறினார். சட்டைப்பையிலிருந்த இன்ஹேலரை உருவினார். முழங்காலிட்டு மகளின் வாயில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். பள்ளியில் வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு குழந்தைக்கு மருந்து கொடுக்கப்பட்டது.

விருதுக் குழுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"பிரமாதம்! என்ன தத்ரூபம்! அப்பாவையே நடிக்க வச்சுட்டீங்களே! பிள்ளையோட உதட்டக்கூட நீலமாக்கியிருக்காங்க பாருங்க. மேக்கப் யாரு?"

ஓவிய ஆசிரியர் தன்னையறியாமல் வணக்கம் வைத்தார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. இரண்டாவது அமுக்கு கொடுப்பதற்குள் முதல்வர் கூரியர்காரரின் தோளை அணைத்தபடி மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பாராட்டுப் போலத்தான் தெரிந்திருக்கும்.

பின்னால் ஒரு தட்டிமறைவு. வாண்டுவை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். முதல்வர் கையில் கேடயம் இருந்தது. அலுவலர் எங்கிருந்தோ ஒரு தாளைக் கொண்டுவந்தார்.

"நடந்தது செய்முறை விளக்கம்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார்," என்றார் முதல்வர். "குழந்தைக்கு உண்மைல ஒன்னும் இல்ல, நடிச்சாள்னு. அவ்வளவுதான்."

"நடிச்சாளா?"

"இல்லன்னா நீங்க ஒளிச்சுக் கொண்டுவந்த மருந்த அனுமதி இல்லாம கொடுத்ததா ஆகும். அது பிழை. இந்தக் கேடயத்த நான் இப்பவே மேடைல திருப்பிக் கொடுக்கணும். குழந்தைமேலயும் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். எனக்கும் புள்ளைங்க இருக்கு சார், அதனாலதான் கெஞ்சிக் கேக்கறேன்." பிறகு பெஞ்சுப் பக்கம் குனிந்தார். "கண்ணு, நீயே சொல்லு. நடிச்சதுதான?"

வாண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். உதடுகளை இறுக்கிக்கொண்டாள். "ஆமா மேடம்," என்று தலையாட்டினாள். எங்கும் தயங்கவில்லை.

கூரியர்காரர் அந்தத் தாளைத் தள்ளிவிட்டார். மகள் பொய் சொன்னதற்காக அல்ல. அவ்வளவு சுலபமாகச் சொன்னதற்காக.

"பிழைன்னே எழுதிக்குங்க," என்றார். குரல் உடைந்தது, அதை அவர் மறைக்கவில்லை. "என் பொண்ணுக்கு மூச்சு நின்னுச்சு, நான் மருந்து கொடுத்தேன்னு எழுதுங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க. நாளைலேருந்து அவ இங்க வர மாட்டா. மைக் பக்கத்துலயே இருக்கு, நானே போய்ச் சொல்லட்டுமா?"

முதல்வருக்கு அந்த மைக்கின் மேல்தான் கவலை. சட்டென்று வழிவிட்டார். அலுவலர் தாளில் எதை எழுதுவது என்று தெரியாமல் மகளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். கூரியர்காரர் அட்டைக் கடிகாரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு தன் கூரியர் வேனுக்கு நடந்தார். பின்னால் விருது விழா இசை ஒலித்தது.

வேனின் முன்சீட்டில் வாண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கைகள் முழங்கால்மேல். வாய் இறுக மூடியிருந்தது. மூக்கால் சின்னச் சின்னதாகக் காற்றைக் களவாடுவது போல இழுத்துக்கொண்டிருந்தாள். வேன் பள்ளி வாசலைத் தாண்டி, தெரு முனையில் திரும்பியது.

"அப்பா, கேட் தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சும்மா."

"பின்னாடி யாராவது வர்றாங்களா?"

"இல்லம்மா. ஏன்?"

"இன்னைக்கு வீடு வர்றதுக்கு முன்னாடியே இளைச்சுக்கட்டுமா?"

கூரியர்காரரின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். கழுவிய சுவரும் தூக்கிப் போட்ட தலையணைகளும் துளை போட்ட அட்டைப்பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்து அவர் கண்முன்னால் வந்தன. வீட்டில் ஒன்றுமே இல்லை. காலையிலிருந்து அடக்கி வைத்ததை அவள் தினமும் வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"கிளாஸ்ல கொடி இறக்கிடுவாங்கப்பா. அதான்," என்றாள் வாண்டு, தப்பு செய்தவள் போல.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே இன்ஹேலரின் மூடியைக் கழற்றினார்.

"இளைச்சுக்கோ கண்ணு," என்றார். "இங்கயே இளைச்சுக்கோ. அப்பா பக்கத்துலதான் இருக்கேன்."

வாண்டு ஒருமுறை பின்கண்ணாடியைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.